பில்டர் மாற்றிய மறுநாள்

என் வீட்டுக்காரருக்கு வண்டியைப் பிரிப்பதென்றால் கல்யாண விருந்து மாதிரி. வெள்ளானூரில் எங்கள் வீட்டு வாசலில் பழைய பேப்பரை விரித்து, ஸ்பேனர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாற்றியது பெட்ரோல் பில்டர். டேங்கிலிருந்து இறங்கும் பெட்ரோலில் இருக்கும் துருவையும் தூசியையும் பிடித்து வைக்கிற சின்னச் சாமான். கம்பெனி பில்டரின் விலையைக் கேட்டு மிரண்டு, கடைக்காரர் எடுத்துப் போட்ட மலிவான வேறொன்றை வாங்கிவந்திருந்தார்.

"இது வேற மாதிரி கீதே?" என்றேன்.

"டப்பாதாம்மே வேற. எல்லாம் நம்ம எஸ்டேட்ல ஒரே டைல, ஒரே அச்சுல அடிக்கிறதுதான். பேரு போட்டா ஒரு வெல, போடலன்னா ஒரு வெல."

அம்பத்தூர் எஸ்டேட்டை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் இருக்கிற வியாதி இது. குக்கர் வாஷரிலிருந்து லாரி பிரேக் வரை எதைக் காட்டினாலும், அதைச் செய்கிற இடத்தில் தன் மச்சான் வேலை செய்வதாகச் சொல்வார்கள். அவனே சொன்னான், எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். என் வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பெரிய கம்பெனி பெயரில் வெளியே போகிற சாமானைத் தன் கையாலேயே கடைந்து கொடுத்தவருக்கு, அந்தப் பெயர் மேல் மரியாதை எப்படி வரும்?

புது பில்டர் பழையதைவிட நீளமாக இருந்தது. அது உட்கார இடம் போதவில்லை என்று பெட்ரோல் டியூபைப் பிளேடால் வெட்டிக் குட்டையாக்கி மாட்டினார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவந்து, "சும்மா பூ மாதிரி போவுது" என்றார்.

மறுநாள் காலை அந்த வண்டியில்தான் அவர் என்னைப் புது வேலைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். பட்டறையில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் அவரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற நிலைமை. கல்யாணத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் வேலை பார்த்தவள்தான் நான். ஆனால் இப்போதெல்லாம் பிளஸ் டூ முடித்த சின்னப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். என் வயதைக் கேட்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள். கரையான்சாவடி தாண்டி, காருக்கு ஒயர் கோக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பழைய சிநேகிதி ஒருத்திதான் யார் யார் காலிலோ விழுந்து எனக்காகச் சொல்லிவைத்திருந்தாள். "ஷிப்ட் சங்கு ஊதறதுக்குள்ள உள்ள வந்துடு. கேட்டு மூடிட்டான்னா உன் எடத்துக்கு வேற பொண்ண எடுத்துடுவாங்க. அப்பறம் நானே சொன்னாலும் எடுபடாது" என்று போனில் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை ஆவடி வரை வண்டி ஒழுங்காகப் போனது. பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் இருமியது. அப்புறம் திணறியது. அப்புறம் நின்றது. உதைத்தால் கிளம்பும், நாலு கடை தூரம் போகும், மறுபடி நிற்கும். வீட்டுக்காரர் இறங்கிக் குனிந்து பார்த்தார். பில்டர் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் பில்டரின் அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் தெரிந்தது. அது காருக்கான பில்டராம். காரில் பெட்ரோலைத் தள்ள பம்ப் இருக்கிறது, எங்கள் வண்டியில் அது தானாக இறங்கிவர வேண்டும், அவ்வளவு கெட்டியான காகிதத்துக்குள் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும் என்று மெக்கானிக் பிறகு சொன்னார். எஸ்டேட்டில் அடித்ததாகவே இருக்கலாம். எங்கள் வண்டிக்கு அடித்ததில்லை.

"பில்டரக் கயட்டிட்டு டியூப நேரா மாட்டிட்றேன், போய்டலாம்" என்று பெட்ரோலை அடைத்துவிட்டுக் கழற்றினார். டியூப் எட்டவில்லை. நேற்று வெட்டியாயிற்றே. டியூபின் முனையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தாவது நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருந்தது?

"ஒரே டைன்னியே! இப்போ அந்த டை மேல ஏறிப் போவட்டா?" என்று நடுரோட்டில் கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. வந்த ஷேர் ஆட்டோக்களில் எல்லாம் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். கையை ஆட்டினாலும் ஒன்றும் நிற்கவில்லை. அவர் அதே பில்டரைத் திரும்ப மாட்டினார்.

அப்போதுதான் பின்னால் வந்த ஒரு வண்டி வேகம் குறைந்தது. கம்பெனி சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, தலையில் ஹெல்மெட். நைட் ஷிப்ட் முடித்து வருகிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, பெட்ரோல் இல்லியா?"

"பெட்ரோல் கீது. எறங்க மாட்டேங்குது."

"எங்க போவணும்?"

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கரையான்சாவடி தாண்டி கம்பெனிண்ணா. இன்னிக்கு மொத நாளு. கேட்டு மூடிடுவாங்க."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் கேட் மூடுவதென்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "ஏறுங்க. நியூட்ரல்ல போடு" என்றார்.

புடவை என்பதால் நான் இடது பக்கம் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் நான் கால் வைக்க இருக்கும் புட்ரெஸ்ட் காலியாக இருந்தது. அந்த ஆள் எங்கள் வலது பக்கம் வந்து, தன் வண்டியில் இருந்தபடியே இடது காலை நீட்டி அதில் வைத்து அழுத்தினார். அவர் வண்டி ஓட, அந்தக் கால் வழியாக எங்கள் வண்டியும் ஓடியது. ரோட்டில் இதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். நாமே உட்கார்ந்து போகும்போதுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது. லாரி வந்தால் கால் விலகும். பள்ளம் வந்தால் நழுவும். உடனே மறுபடி வந்து உட்காரும். திரும்பிப் பார்த்தபோது அவர் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க மெஷினுக்கு முன்னால் நின்ற கால்.

சென்னீர்குப்பத்தில் ஒரு தெருமுனையில் ஒரு பெண்ணும், யூனிபார்ம் போட்ட சின்னப் பெண் குழந்தையும் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண், "யோவ், எங்க போற? பாப்பாவ உடணும்!" என்று கத்தினாள்.

"தோ வந்துர்றேன்!" என்றார் அவர். காலை எடுக்கவில்லை.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "வாணாண்ணா, எங்கள இங்கியே உட்டுருங்க. பாப்பாக்கு நேரமாவுது."

"பள்ளிக்கூடம் பக்கத்துலதான் கீது. நீ புடிச்சிக்கினு உக்காரு தங்கச்சி."

கரையான்சாவடி நெரிசலைத் தாண்டி, கம்பெனி சந்தின் முனையில் கடைசியாக ஓங்கி ஒரு தள்ளு தள்ளிவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். அந்த வேகத்தில் எங்கள் வண்டி பாதிச் சந்துவரை உருண்டது. நான் குதித்து ஓடினேன். வாட்ச்மேன் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு விட்டுவைத்தார். நான் உள்ளே போனதும் சங்கு ஊதியது. அன்றைக்குக் கடைசியாக நுழைந்தவள் நான்தான். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

அந்த வேலையில்தான் இன்றும் எங்கள் குடும்பம் ஓடுகிறது. வீட்டுக்காரரை அன்று பேசிய பேச்சுக்கு மறுநாளே மீன் குழம்பு வைத்துச் சமாதானம் செய்துவிட்டேன். அந்த பில்டர் மேல்கூட இப்போது எனக்குக் கோபமில்லை. அது சரியாக ஓடியிருந்தால், முகம் தெரியாத ஒருத்தர் எனக்காக இவ்வளவு செய்வார் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் சென்னீர்குப்பம் போனோம். அன்று அந்தப் பெண்ணும் குழந்தையும் நின்ற தெருமுனை டீக்கடையில், நைட் ஷிப்ட் போகிறவர் என்று அடையாளம் சொல்லி விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். லுங்கியோடு வெளியே வந்தவரை அன்றுதான் ஹெல்மெட் இல்லாமல் பார்த்தேன். என் தம்பி வயதுதான் இருக்கும். எங்களை அடையாளம் தெரியாமல் விழித்தார். வீட்டுக்காரர் பில்டர் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"டியூப வெட்ன அண்ணாத்தேவா!" என்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அன்னிக்கு உள்ள உட்டாங்களா? அப்பறம் ரெண்டு நாளு அதே நெனப்புதான் எனுக்கு."

"உட்டாங்கண்ணா" என்றேன்.

அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்த குழந்தை எட்டிப் பார்த்து, "என்ன உடல" என்றது.

"ஏய், சும்மா இரு."

"அப்பா வரேன்னாரு. நானும் அம்மாவும் நின்னுகினே இருந்தோம். போறதுக்குள்ள ஸ்கூல் கேட்ட மூடிட்டாங்க. எனுக்கு அன்னிக்கு ஆண்டு விழா டான்ஸுக்கு ஆளு எடுக்கற நாளு."

"அட்த்த வருசம் ஆடிக்கலாம் உடும்மா" என்று அவர் அதன் தலையில் தட்டினார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரிடம் நீட்டிய டப்பாவைத் திருப்பி, குனிந்து, அந்தக் குழந்தையின் இரண்டு கையிலும் வைத்து, "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றேன்.