கிணறு மட்டும் பொது

குரூப் தேர்வுக்குப் படிக்கும் மகள், "கூட்டாட்சிக்கும் கூட்டமைப்புக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டதும் என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்த வசந்தா ஞாபகத்துக்கு வந்தாள். எழுபதுகளின் கடைசி. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து பள்ளிக்கு நடந்தே வருவாள். அவள் பாவாடையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாசனை அடிக்கும்.

அன்று டீச்சர் இதே கேள்வியைக் கேட்டபோது, புத்தகத்தில் இருந்ததை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். டீச்சர் தலையாட்டியதோடு சரி. வசந்தா எழுந்தாள்.

"எங்க வீட்ல பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூணு பேருக்கும் தனித்தனி நெலம், தனித்தனி அடுப்பு டீச்சர். கெணறு மட்டும் பொது. அதைப் பெரியப்பா பாத்துக்கறாரு. ஆனா மத்த ரெண்டு பேரும் ஒத்துக்கலன்னா அவரால ஒண்ணும் செய்ய முடியாது. அவங்க குடுத்த அதிகாரம்தான் அவருக்கு. கூட்டமைப்பும் அப்படித்தான். கூட்டாட்சியா இருந்தா, யாரையும் கேக்காமயே செய்யறதுக்குப் பெரியப்பாவுக்கும் தனி அதிகாரம் இருக்கும்."

டீச்சர் அவளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

"அவங்க வீட்ல சண்ட டீச்சர், அதான் தனி அடுப்பு" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க வசந்தா எந்தக் கேள்விக்கும் எழுந்திருக்கவில்லை.

மகளுக்கு அந்தக் கிணற்றையும் அடுப்புகளையும் சொன்னேன்.

"நல்லா புரியுதும்மா. யார் சொன்னது?"

இத்தனை வருஷம் கழித்தும் அவள் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நானா யோசிச்சதுதான்" என்றேன்.