எரிந்தது வேறு காகிதம்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச காலம் தொடங்கினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். உபவாசத்தால் அல்ல, நான் உபவாசம் இருப்பதில்லை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு தியானக் கூட்டம் நடத்துவார்கள். அது அந்த நாட்களில்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது. யார் மேல் துப்புவது என்பதில்தான் குழப்பம், ஏனென்றால் அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

அது ஒரு லுத்தரன் உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். நான் அங்கே தமிழாசிரியை. திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பஸ் பிடித்துப் போவேன். ஞானஸ்நானம், விவரம் தெரிந்த வயதில் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் லுத்தரன் கோயிலில் நடந்த ஆள் என்பதால் வேதபாட வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி என்று தனித்தனியாகப் பிரிந்து உட்காருவார்கள். நன்னெறி எடுத்தவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. நன்னெறிக்கு ஆள் இல்லாத பள்ளிக்கூடம் என்று நாங்களே ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஆக எல்லாப் பிள்ளைகளும் என் வகுப்பிலேயே உட்கார்ந்தார்கள். அதில் முக்கால்வாசி இந்துப் பிள்ளைகள்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். திருமயத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். கேட்டுக்கு வெளியே நின்று துடைத்துவிட்டு உள்ளே நுழைவாள். துடைக்கச் சொல்லி யாரும் அவளுக்கு உத்தரவு போட்டதில்லை. துடைக்க வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை, நான் உட்பட.

வேதபாடத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பத்துக் கட்டளைகளையும் அவற்றின் விளக்கத்தையும் ஒரு மூச்சில் ஒப்பிப்பாள். அந்த வருஷத் தேர்வில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். ஆனால் பரிசு சபை அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு விதி இருந்ததாம். இரண்டாவதாக வந்த பையன் மேடை ஏறி வாங்கிக்கொண்டான். இவள் கீழே உட்கார்ந்து கை தட்டினாள், அதுவும் மனதாரத் தட்டினாள்.

ஒருநாள் வகுப்பில் எழுந்து கேட்டாள். “டீச்சர், நம்ம செஞ்ச தப்பு சாமிக்குத் தெரியும்ல? பெறகு எதுக்கு நாம வேற சொல்லணும்?”

“தெரிஞ்சாலும் நம்ம வாயால சொன்னாத்தான் பாரம் எறங்கும். உண்மையச் சொல்றவங்களக் கர்த்தர் கைவிட மாட்டாரு” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இனி அந்த நாற்றத்தைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு என்று எங்கள் பள்ளியில் ஐந்து கழிப்பறைகள். மூன்றில் தண்ணீர் வராது, அதனால் பூட்டு. நான்காவதில் கிறிஸ்துமஸ் நாடகச் சாமான்கள், அதாவது தேவதூதர்களின் அட்டை இறக்கைகள், மாட்டுத் தொழுவம், பஞ்சு ஒட்டிய ஆடுகள். அதற்கும் பூட்டு. மிச்சம் இருந்த ஒன்றுக்குத்தான் அத்தனை பெண்களும் போக வேண்டும். உள்ளே கால் வைக்க முடியாது. பக்கத்து வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடத்துவேன். பிள்ளைகள் காலையில் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். குடித்தால்தானே போக வேண்டும்? ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. சாவி என் கைப்பையில் கிடக்கும்.

ஜனவரியில் ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், அந்தம்மா பொம்பளப் பிள்ளைகள்ட்டதான் கேப்பாங்க. நீங்க நாலு பேருக்குச் சொல்லி வச்சிருங்க” என்றார். நானும் நன்றாகப் பேசக்கூடிய நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தேன். அவள்தான் முதல் ஆள். “அஞ்சும் தொறந்துதான் இருக்கும் மேடம், எந்நேரமும் தண்ணி வரும்” என்று சொல்லிக் கொடுத்தேன். மனப்பாடம் மாதிரி இருக்கக் கூடாது, சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை திருத்தவும் செய்தேன்.

அன்றைக்குப் பூட்டெல்லாம் திறந்திருந்தது. டேங்கர் வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஃபினாயில் தெளித்து, பஞ்சு ஆடுகளை என் வகுப்பு மூலையில் அடுக்கியிருந்தார்கள். அதிகாரி கேட்டார், இவள் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலமே பழையபடி பூட்டு விழுந்தது.

அடுத்த மாதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள். தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி வந்த கோளாறு என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பெண் இவளோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ‘ச்சொ ச்சொ’ என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தோம்.

பிறகுதான் தியானக் கூட்டம் வந்தது. வெளியூரிலிருந்து வாலிபர்களுக்குப் பிரசங்கம் செய்கிற ஊழியக்காரர் ஒருவர் கீபோர்டோடு வந்திருந்தார். ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். அவரவர் பாவத்தை அதில் எழுத வேண்டும். பேர் போட வேண்டாம். எழுதிய சீட்டை மரச் சிலுவையில் ஆணியால் அறைய வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிடுவார்கள். “இத யாரும் வாசிக்க மாட்டாங்க. ஒனக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான் தெரியும்” என்று கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை சொன்னார்.

எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிய சமாச்சாரம். ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு என்று சின்ன வயதிலிருந்தே பாவச் சீட்டு எழுதித் தேறியவர்கள். எந்தப் பாவத்தை எழுதினால் வம்பு வராது என்று அவர்களுக்கு அத்துப்படி. பொய் சொன்னேன், அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை, ஆராதனைக்குத் தாமதமாக வந்தேன். இந்த மூன்றையும் இதே வரிசையில் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். என் திடப்படுத்தலுக்கு முன்னால் நானும் இதே மூன்றைத்தான் எழுதினேன். இவளுக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. உண்மையை எழுதச் சொல்கிறார்கள் என்று நம்பி உண்மையை எழுதிவிட்டாள்.

அறைந்து முடித்ததும் ஹெட்மாஸ்டர் வந்து, காற்று அடிக்கிறது, சமையல்கூடத்துக்குப் பின்னால் வைத்து எரிக்கலாம் என்று சொல்லி, சீட்டுகளைப் பியூனிடம் கொடுத்து முன்னால் அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரும்புச் சட்டியில் காகிதம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று பாடினார்கள். சில பெண்கள் அழுதார்கள். அவளும் அழுதாள், அழுதுவிட்டு மூக்கைச் சீந்தித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போது எரிகிற ஒரு காகிதம் சுருண்டு புரண்டது. அதில் சிவப்பு மையில் ஒரு டிக். என் டிக். நான் திருத்திக் கொடுத்த அரையாண்டுத் தேர்வுத் தாள்.

எரிவது சீட்டு இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்றால், பாட்டின் அடுத்த சரணத்தைச் சத்தமாகப் பாடினேன். ஹெட்மாஸ்டர் நெருப்பைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார். அதைப் பார்த்ததற்கான அடையாளமாக நான் ஒரு கும்பிடு எமோஜியும் அனுப்பினேன்.

மறுநாள் காலை ப்ரேயர் முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் பழுப்புக் கவர். சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, வெற்றிலை அடுக்குகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஆணி ஓட்டை.

“வெளியிலயா சொல்லப் போறேன்? ஆடு எப்பிடி இருக்குன்னு மேய்ப்பனுக்குத் தெரிய வேணாமா?” என்று அவராகவே ஆரம்பித்தார். பிறகு ஒரு சீட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார். “இது யாரு கையெழுத்துன்னு பாருங்க.”

வாசித்தேன். ‘ஆய்வுக்கு வந்த மேடத்திடம் பாத்ரூம் எல்லாம் திறந்திருக்கு என்று பொய் சொன்னேன். தமிழ் டீச்சர்தான் சொல்லச் சொன்னாங்க. ஆனால் சொன்னது நான். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு நானும் காரணம். மன்னித்துவிடுங்கள்.’

கட்டுரை நோட்டில் இரண்டு வருஷமாகப் பார்த்த எழுத்து. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ‘ஆனால் சொன்னது நான்’ என்ற இடத்தில் கண் நின்றுபோனது. பத்தாம் வகுப்புப் பெண் தன் பங்கைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள். என் பங்கை யார் மேல் போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சரியாத் தெரியல சார்” என்றேன்.

“தெரியலன்னா பரவால்ல, எல்லா நோட்டையும் எடுத்தாரச் சொல்லி நானே பாத்துக்கிறேன். ஆனா ஒண்ணு டீச்சர், இதுல இருக்கிறது என் பேரு இல்ல. ஒங்க பேரு. டி.இ.ஓ. ஆபீசுக்கு யாராச்சும் ஒரு போட்டோ அனுப்புனா முதல்ல கூப்பிடப் போறது ஒங்களத்தான். ஒங்க போஸ்டிங் அப்ரூவல் வேற இன்னும் அங்கிட்டுதான் கெடக்கு.”

அவள் பெயரைச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஆனால் கழுவப் போகவில்லை, அவர் சொல்லப் போவதைக் கேட்க நின்றேன்.

அவருடைய திட்டம் எளிமையானது. சீட்டில் எழுதியது பொய், மனக்குழப்பத்தில் கற்பனையாக எழுதிவிட்டேன் என்று அவளே ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அதை ஃபைலில் வைத்துக்கொள்வார். எழுத மாட்டேன் என்றால் ஹால் டிக்கெட் அவருடைய டிராயரில்தான் இருக்கிறது. டி.சி.யில் நடத்தை என்று ஒரு கட்டமும் இருக்கிறது. “நாளைக்குப் புதுக்கோட்டையில ப்ளஸ் ஒன் சேரப் போற எடத்துல அதைத்தான பாப்பாங்க?” என்றார். நர்ஸ் ஆக வேண்டும், அதற்கு பயாலஜி குரூப் கிடைக்க வேண்டும் என்று அவள் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது அவருக்கும் தெரியும். கடிதத்தை வாங்கித் தருவது என் பொறுப்பு.

லைப்ரரி அறையில் அவளை உட்காரவைத்தேன். ஹால் டிக்கெட், டி.சி. எல்லாவற்றையும் சொன்னேன். மிரட்டுகிற குரலில் அல்ல, அக்கறையான குரலில் சொன்னேன்.

அவள் அழவில்லை. “அத எரிச்சாச்சுல்ல டீச்சர்? நான் பாத்தேனே” என்றாள்.

நான் பேனாவை அவள் பக்கம் தள்ளினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மார்ஜின் போட்டுக்கொண்டு, “சொல்லுங்க டீச்சர்” என்றாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள். நான் எழுதிய அனைத்தும் பொய். எங்கள் பள்ளியில் கழிப்பறை வசதி சிறப்பாக உள்ளது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதை எழுதுகிறேன். நான் நடத்திய கடித இலக்கணம் ஒன்றுகூடத் தப்பாமல் எழுதினாள்.

‘இப்படிக்கு’ எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

“டீச்சர், அந்தம்மாட்ட சொன்னது பொய். அதச் சீட்டுல எழுதிட்டேன். இப்ப இதுவும் பொய்தான். இத நான் யாருட்ட சொல்றது?”

கிண்டல் இல்லை. அவளுக்குக் கிண்டல் வராது. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே முகத்தோடு, பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்.

ஒன்பது வருஷம் வேதபாடம் எடுத்தவள் நான்.

“கீழ தேதி போடு” என்றேன்.