ஏற்பாட்டில் இல்லாத தபேலா

தமிழ்த் திருப்பலியில், காணிக்கைப் பாடலின் நடுவே என் கீபோர்டு விசில் ஊதியது. தொடர்ந்து மாட்டுமணிச் சத்தம் வேறு. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாளத்தைப் பட்டென்று நிறுத்திவிட்டு மிச்சப் பாட்டை வெறும் ஆர்கனில் ஒப்பேற்றினேன்.

"அண்ணே, யாருக்கு ரெட் கார்டு?" என்றார் பாடகர் குழுப் பெண் ஒருவர், பூசை முடிந்ததும்.

"புது கீபோர்டு லா, இன்னும் பழகல" என்று சமாளித்தேன். சிரிக்கத்தான் முடியவில்லை.

அந்தத் தாளம் என் நண்பருடையது. பல ஆண்டுகள் என் பக்கத்தில் உட்கார்ந்து தபேலா வாசித்தவர். பூசைக்குப் பிறகு இருவரும் தேக்கா சந்தைக்குப் போய்ச் சாப்பிடுவோம்; இப்போது நான் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறேன். மகளோடு இருக்கப் பெர்த் நகரத்துக்குக் கிளம்பும் முன், என் பழைய கீபோர்டின் கட்டைகளை விரலால் தட்டித் தட்டி இந்தத் தாள ஸ்டைலைப் பதிவு செய்து கொடுத்தார். "நான் இல்லாட்டியும் நான் வாசிப்பேன் லா" என்றார். பழையது பழுதானதும் அந்தத் தாளக் கோப்பைப் புதியதில் ஏற்றினேன். அவரையே ஏற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.

கோப்பில் ஒலி கிடையாது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தித் தட்டவேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். ஒலி அந்தந்தக் கீபோர்டுக்குச் சொந்தம். ஜிஎம் என்றொரு பொது ஏற்பாட்டின்படி சாதாரண டிரம்ஸ் எல்லாக் கம்பெனிக் கீபோர்டிலும் ஒரே கட்டைகளில் இருக்கும். தபேலா அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆளுக்கொரு இடத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய தபேலாவைத் தேடிக் காணாத புதுக் கீபோர்டு, பேசாமல் டிரம்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டது. அவர் 'தின்' என்ற தபேலா அடியைத் தட்டிய கட்டையில் இப்போது விசில் உட்கார்ந்திருந்தது.

சுவா சூ காங் வட்டாரத்தில் உள்ள என் வீட்டில் நான் தனி ஆள். அந்த வாரம் வேலைவிட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் புதுத் தபேலாவின் கட்டைக்கு நகர்த்தினேன். கண் வலித்ததே தவிர அலுக்கவில்லை. எல்லாம் முடித்து ஓடவிட்டபோது, முதல் அடிக்கு முன் அவர் எப்போதும் காட்டும் சின்னத் தயக்கம் அப்படியே இருந்தது. எந்தக் கீபோர்டும் அதைத் தானாகச் செய்யாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் ஆள் இருப்பதுபோல, அதை ஓடவிட்டபடியே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒன்றும் சொல்லாமல் அவருக்கு அனுப்பினேன். கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது குரல் செய்தி வந்தது.

"ரொம்ப நல்லா வாசிக்கிறாரே! யாரு, புது ஆளா? நீங்க தனியா கஷ்டப்படுறீங்களோன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். இப்பதான் நிம்மதியா இருக்குப்பா."

ரயிலில் நின்றபடியே மறுபடியும் கேட்டேன். நிம்மதி என்று சொல்லிவிட்டவரிடம் என்னத்தைச் சொல்வது?

"ஆமா, நல்ல ஆளு. அதிகம் பேச மாட்டாரு" என்று பதில் அனுப்பினேன்.