ஞானசேகரம் வென்ற விவாதம்

திருகோணமலை நகரத்தில் இணையத்தளம் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், அவர்களில் பெயரெடுத்தவன் அன்புவழிபுரம் ஞானசேகரம். கொழும்பில் கணினி படித்துவிட்டு, சமாதான ஒப்பந்தம் வந்த கையோடு ஊருக்குத் திரும்பியவன். நிலாவெளி ஹோட்டல்களுக்கு அவன் செய்துகொடுத்த தளங்களைத் திறந்தால் திரையில் அலை புரளும், தென்னோலை அசையும், கடற்காகம் கத்தும். ஹோட்டல்காரர்கள் சொக்கிப்போனார்கள்.

அந்த அசைவும் சத்தமும் பிளகின் என்ற ஒன்றால் வந்தவை. உலாவியோடு தனியாக இறக்கிப் பொருத்த வேண்டிய மென்பொருள் அது. பொருத்தியிருந்தால் எல்லாம் ஓடும். பொருத்தாவிட்டால் பக்கம் வெறும் சாம்பல் நிறக் கட்டமாகக் கிடக்கும்.

அவன் வேலை செய்தது ஸைனுலாப்தீன் நானாவிடம். நானாவுக்குக் கீழே மின்சாமான் கடை, மேல்மாடியில் இந்தக் கணினி வேலை. மாடியில் ஞானசேகரத்துக்கு எதிர் மேசையில் இருந்தவள் மூதூர் ஸல்ஹா. அவளும் அவனைப் போலவே பட்டம் பெற்றவள். கிழமை நாட்களில் நகரத்தில் உம்மாவின் தங்கை சாச்சியின் வீட்டில் தங்கி, வார முடிவில் லோஞ்ச் படகில் ஏறி மூதூருக்கு உம்மா வாப்பாவிடம் போய்விடுவாள். அவளுக்குப் பிளகின் என்றாலே ஆகாது. உலாவி தானாக என்ன செய்யுமோ அதை வைத்து, ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் போதும் என்பது அவள் கட்சி. தேத்தண்ணி வருகிற நேரமெல்லாம் இதே கதைதான்.

"பிளகின் எண்டா வாடகை வீடு மாதிரி, அண்ணன். வீட்டுக்காரன் கதவப் பூட்டினா நாம வெளியதான்."

"உங்கட ஸ்கிரிப்ட் மட்டும் என்னவாம்? ஒரு பிரவுசரில ஒண்டு சொல்லும், மற்றதில வேற ஒண்டு சொல்லும். நான் எழுதினது எங்க திறந்தாலும் ஒரே மாதிரித்தான் நிக்கும்."

"திறந்தாத்தானே, அண்ணன்."

நானா இடையில் இருந்து சிரிப்பார். ஆனால் கொஞ்ச நாளாக, புது வேலை வந்தால் அவர் முதலில் ஸல்ஹாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஞானசேகரம் அதைக் கவனித்திருந்தான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒப்பந்தம் கிழியத் தொடங்கியது. துறைமுகத்துக்குத் தெற்கே குண்டு விழுந்து சனம் இடம்பெயர்ந்தது. ஒரு வீட்டார் ஒரு பள்ளிக்கூடத்திலும் அவர்களுடைய பிள்ளைகள் இன்னொரு முகாமிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். தொண்டு நிறுவனம் ஒன்றின் அதிகாரி குணேஸ்வரி நானாவைத் தேடி வந்தார். முகாம்களில் உள்ளவர்கள் பெயர்களை அங்கங்கே பதிய வேண்டும். தேடுகிறவர் பெயரையும் ஊரையும் தட்டினால், ஆள் எந்த முகாமில் என்று திரை சொல்ல வேண்டும். இதுதான் அவருக்குத் தேவை.

"ரெண்டு பேரும் ஒவ்வொரு மாதிரி செய்து காட்டுங்க. மிஸ் பார்த்துச் சொல்லட்டும்," என்றார் நானா.

ஞானசேகரத்தின் பக்கம் உண்மையான நியாயமும் இருந்தது. அப்போது பெரும்பாலான கணினிகளில் தமிழ் எழுத்துத் தெரியாது. எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரங்கள் நிற்கும். பிளகின் எழுத்தையும் தன்னோடு சுமந்து வரும். ஸல்ஹாவின் பக்கத்துக்கோ கணினியில் தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டாக வேண்டும். அது சின்னக் கோப்பு, போடுவது லேசு, போடாவிட்டாலும் இங்கிலீசு எழுத்திலாவது பக்கம் வேலை செய்யும் என்றாள் அவள். இதை நேருக்கு நேர் வாதாடியே அவன் வென்றிருக்கலாம்.

செய்துகாட்டுவதற்காகக் குணேஸ்வரியின் மடிக்கணினியை முதல்நாளே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதைத் தயார்பண்ணும் வேலை ஞானசேகரத்துக்கு வந்தது. ஸல்ஹா ஒரு பென் டிரைவை அவன் மேசையில் வைத்தாள்.

"இதில தமிழ் பொன்ட் இருக்கு அண்ணன். உங்கட பிளகின் போடக்குள்ள இதையும் போட்டு விடுங்க."

"ஓம், வையுங்க."

அவன் பிளகினைப் பொருத்தினான். பென் டிரைவை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டான். மறந்துபோனேன் என்று யாரிடமும் சொல்லிவிடக்கூடிய அளவுக்குச் சின்ன வேலை அது. அவன் மறக்கவில்லை.

மறுநாள் அவனுடைய பக்கம் துறைமுகத்தின் படத்தோடு விரிந்தது. முகாம்கள் புள்ளிபுள்ளியாக ஒளிர்ந்தன, தமிழ் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து ஸல்ஹா தன்னுடையதைத் திறந்தாள். திரை முழுக்கச் சதுரங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம். அவள் இங்கிலீசுக்கு மாற்றுவதற்குள் பேச்சு முந்திக்கொண்டது.

"இவ சனத்துக்குப் பேர் குடுக்கிறாவோ, நிவாரணப் பெட்டி குடுக்கிறாவோ தெரியேல்ல, மிஸ்," என்றான் ஞானசேகரம்.

குணேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார். நானாவும் சிரித்துவிட்டார். ஸல்ஹா மடிக்கணினியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் குனிந்து எதையோ சொடுக்கிக்கொண்டிருந்துவிட்டு மூடினாள். வேலை ஞானசேகரத்துக்குக் கிடைத்தது. அன்று வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது சந்தோசம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். கன்னியா வீதித் திருப்பம் வரைக்கும் அது வரவில்லை. நாளைக்கு வரும் என்று விட்டுவிட்டான்.

ஆவணி மாதம் மூதூரில் சண்டை மூண்டது. லோஞ்ச் நின்றது, தொலைபேசி செத்தது. ஊரே உடுத்த துணியோடு கால்நடையாகப் புறப்பட்டு விட்டது என்று செய்தி வந்தது. ஸல்ஹாவின் வாப்பா றஊப் சீனி வருத்தக்காரர், நாளும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். அவரும் உம்மாவும் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

ஸல்ஹா அலுவலகக் கணினியின் முன் உட்கார்ந்து ஞானசேகரத்தின் தளத்தைத் திறந்து வாப்பாவின் பெயரைத் தட்டினாள். இல்லை. உம்மாவின் பெயர். இல்லை. கிண்ணியா முகாம்களில் இருந்தவர்களின் பெயர்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. அங்கே கணினிக்குப் பிளகினைப் பொருத்திக் கொடுத்தவன் ஞானசேகரமே. கந்தளாய்க்கு அவன் போயிருக்கவில்லை.

"கந்தளாய்ப் பக்கம் ஒரு பேருமே இல்லையே, அண்ணன்."

"கரண்ட் இல்லாமக் கிடக்கும். இல்லாட்டி அங்க இன்னும் ஆக்கள் போய்ச் சேரேல்லப் போல."

ஒரு பெயர்கூட இல்லை என்பது அவனுக்கும் உறுத்தியது. ஆனால் தன் தளத்தில் குறை இருக்கும் என்று நினைக்க மனம் இடங்கொடுக்கவில்லை. அவன் வார்த்தையை நம்பி ஸல்ஹா கிண்ணியாவுக்குத் துறை கடந்து போனாள். முகாம் முகாமாக ஏறி இறங்கினாள்.

அவள் அங்கே அலைந்துகொண்டிருக்கும்போதுதான் கந்தளாயில் இருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஹிஸ்புல்லா, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் பெயர் பதிகிற ஆசிரியர்.

"இந்தத் தளத்தச் செய்த ஆள் நீங்களா? திரையில ஒண்டும் வருகுதில்ல தம்பி. ஒரு சாம்பல் கட்டம்தான் நிக்குது."

"பிளகினை இறக்கிப் போடுங்கோ, சேர்."

"இறக்கினா பாஸ்வேர்ட் கேக்குது. அது தெரிஞ்ச ஆள் பயணம் போயிட்டார். லைனும் இழுக்குது. நாங்க எத்தின நாளா இதோட மல்லுக்கட்டிற."

நானாவின் வான் வண்டியில் நானாவும் அவனும் கிளம்பினார்கள். சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறிக் கந்தளாய் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. வகுப்பறை மூலையில் கணினி இருந்தது. அதற்கு முன்னால் சனம் வரிசையில் நின்றது. திரையில் சாம்பல் கட்டம். அதன் கீழே, இன்னொரு மென்பொருள் தேவை என்று இங்கிலீசில் ஒரு வரி. வரிசையில் நின்ற ஒரு பெண், அவன்தான் திருத்த வந்த ஆள் என்று அறிந்து, தன் மகனின் பெயரை இரண்டு தரம் சொன்னாள், அவன் மறந்துவிடக் கூடாதே என்பதுபோல.

அவன் ஹிஸ்புல்லாவிடம் மெதுவாகக் கேட்டான்: "மூதூர் றஊப் எண்டு, சீனி வருத்தக்காரர் ஒருத்தர்..."

ஹிஸ்புல்லா அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"அவர நேத்து அடக்கியாச்சு தம்பி. வரும்போதே ஏலாமத்தான் வந்தவர். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். மகள் ஒண்டு டவுனில கம்பியூட்டர் வேல செய்யிது, பேர அதில போட்டா மகள் கண்டுபிடிச்சு வரும், போட்டாச்சா போட்டாச்சா எண்டு கேட்டுக்கிட்டே கிடந்தார். நாங்களும் போடத்தான் பார்த்த."

ஞானசேகரம் வகுப்பறைக்குத் திரும்பிச் சாம்பல் கட்டத்தின் முன் உட்கார்ந்தான். நானாதான் கிண்ணியாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அடுத்த நாள் ஸல்ஹா வந்து இறங்கி, உம்மாவைக் கட்டிக்கொண்டு கதறியபோது, அவன் முற்றத்தில் நின்ற தண்ணீர் பவுசர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். அவள் போகும் வரைக்கும் அங்கேயே நின்றான். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அவனை விலகச் சொன்னார்கள். விலகிவிட்டு மறுபடி அங்கேயே வந்தான்.

நகரத்துக்குத் திரும்பியதும் தன் தளத்தை இறக்கினான். ஸல்ஹாவின் கணினியில் கிடந்த அவளுடைய பக்கத்தை எடுத்து அந்த இடத்தில் ஏற்றினான். எழுத்துரு இல்லாத கணினியில் இங்கிலீசு எழுத்தில் வேலை செய்தது. கந்தளாயில் இருந்து பெயர்கள் ஏறத் தொடங்கின. ஆட்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். வெளிநாட்டில் இருந்தெல்லாம் தொலைபேசி எடுத்து, "தம்பி, நீங்க நல்லா இருக்கோணும்" என்றார்கள். ஒவ்வொரு தரமும் அவன் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

சில வாரங்களின் பின் ஸல்ஹா தன் சாமான்களை எடுக்க வந்தாள். உம்மாவைக் கூட்டிக்கொண்டு புத்தளத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். நானா கீழே கடையில் இருந்தார்.

"ஸல்ஹா, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு அந்த பொன்ட்... நான் மறக்கேல்ல. வேணுமெண்டுதான் போடாமல் விட்டனான்."

"தெரியும்," என்றாள் அவள்.

"எப்பிடி?"

"அண்டைக்கு லெப்டொப்ப மூடுறதுக்கு முந்தித் தேடிப் பார்த்தன். பிளகின் இருந்திச்சு, பொன்ட் இல்ல."

"அப்பவே ஏன் சொல்லேல்ல?"

"தோத்தவள் சாட்டுச் சொல்றா எண்டு இன்னொருக்காச் சிரிச்சிருப்பீங்க. அதோட எனக்கும் வெக்கமாப் போச்சு. நீங்க செய்ததுக்கு நான் ஏன் வெக்கப்பட்டன் எண்டுதான் இப்ப விளங்கல்ல."

"என்னை ஏசுங்கோ. என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

அவள் வயர்களைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். "ஏசினா உங்களுக்கு லேசாகும், அண்ணன். அதச் செய்து தர எனக்கு இப்ப ஏலா. வாப்பா மௌத்தானது சீனி வருத்தத்தில. அத உங்கட தலையில நான் போடல்ல. ஆனா முகத்த ஒருக்கா..." என்று தொடங்கியவள், முடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அன்றைக்கே அவன் நானாவிடமும் எல்லாவற்றையும் சொன்னான். நானா நெடுநேரம் மின்குமிழ்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "போய் வேலையப் பாருங்க," என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு தேத்தண்ணி வருகிற நேரங்களில் அவர் மாடிக்கு ஏறி வந்ததில்லை.

ஞானசேகரம் பிளகினைத் தொடுவதை விட்டான். சண்டையில் ஹோட்டல்கள் மூடிக் கிடந்ததால் கேட்கவும் ஆளில்லை. சீனன்குடா விமானத்தளப் பக்கம் விமானம் இரையும் நாட்களில், எந்தப் பழைய கணினியிலும் திறக்கிற எளிய பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தான். புத்தளத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினான். பதில் வரவில்லை. மூன்றாவதை எழுதி, அனுப்பாமல் அழித்தான்.

இரண்டாயிரத்து எட்டில் நகரசபை மண்டபத்தில் கணினிப் பயிலரங்கு ஒன்று நடந்தது. அமைப்பாளர் அவனை மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்தார். இனி எல்லோரும் கைத்தொலைபேசியில்தான் இணையம் பார்ப்பார்கள், அதில் பிளகின் ஓடாது, இதை எங்கள் ஊரிலேயே முதலில் உணர்ந்து பிளகினைக் கைவிட்டவர் இவர், அந்த முகாம் தளமே அதற்குச் சாட்சி என்றார். கைதட்டல் எழுந்தது.

ஞானசேகரம் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"அது என்ர தளம் இல்ல. மூதூர் ஸல்ஹா எழுதினது. நான் அவவோட வாதாடி வென்றனான், ஆனா நேர்மையா வெல்லேல்ல. அவவின்ர பக்கம் வேலை செய்யாத மாதிரி நான்தான் செய்தனான். அதால கன சனம் கஷ்டப்பட்டது. எனக்கு முன்னறிவு ஒண்டும் இல்ல."

முன்வரிசையில் ஒருவர் தட்டத் தொடங்க, மற்றவர்கள் முன்னதைவிடப் பலமாகத் தட்டினார்கள். அவன் இறங்கி வரும்போது அமைப்பாளர் தோளைத் தொட்டு, "இப்பிடி ஆரும் சொல்லமாட்டினம், சேர். பெரிய மனசு உங்களுக்கு," என்றார். வாசலில் மாணவர்கள் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் கையைக் கொடுத்தான். கொடுக்காமல் கடந்து போக அவனுக்கு வழி தெரியவில்லை.