பூந்திக்கொட்டைக்காரியின் வயிற்றெரிச்சல்

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. மூடி மறைக்க என்ன இருக்கிறது? வீட்டுப் பின்னறையில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கொதிக்கவைத்து, கை நோகப் பிசைந்து வடிகட்டி ஷாம்பு செய்கிறவள் அவள். கண்ணில் பட்டால் எரியும், மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. இளையவளோ, அதாவது அவள் கொழுந்தன் பெண்டாட்டியோ, அதே அறையில் ஆளிவிதையைத் தண்ணீரில் போட்டு நோகாமல் கிளறுவாள். கொழகொழவென்று வந்ததும் வடித்து, கண்டிஷனர் என்று பாட்டிலில் அடைப்பாள். ஆனால் இரண்டையும் வாங்கும் தெருமுனை அழகு நிலையத்தில் தலை அலசிக்கொள்ளும் பெண்கள் முடியைத் தடவித் தடவிக் கேட்பதெல்லாம், "கடைசியா ஒண்ணு போட்டீங்களே, அது என்னது?" என்றுதான். அழுக்கை எடுத்தவளைப் பற்றி யாருக்கு என்ன?

போதாததற்கு அழகு நிலையத்துக்காரி, "கண்ணாடி முன்னாடி ஒரு பாட்டிலுக்குத்தான் இடம். எதை நிறைய கேக்கறாங்களோ அதை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த முறை மூத்தவள் யாருக்கும் தெரியாமல் பாத்திரத்தில் கொட்டையைத் தாராளமாக அள்ளிப் போட்டாள். நுரை பொங்கியது. பெருமை தாங்காமல் முதலில் தன் தலைக்கே தேய்த்துக் குளித்தாள்.

வாரக் கடைசியில் கண்ணாடி முன்னால் இருந்தது இளையவளின் பாட்டில்.

"உங்க ஷாம்பு போட்டா முடி வறண்டு போகுதும்மா. அப்புறம் இது இல்லாம சீப்பே இறங்க மாட்டேங்குது. ஆளாளுக்கு ரெண்டு பாட்டில் கேக்கறாங்க" என்றாள் அழகு நிலையத்துக்காரி.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து, அன்று காலையும் அதே ஷாம்புவில் அலசிய தன் தலையில் சீப்பை வைத்தால், அங்கேயும் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது.

"இப்படி உக்காருங்கக்கா" என்று இளையவள் பாட்டிலோடு வந்தாள். "கொட்டை கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உன் வேலையைப் பாரு."

இளையவள் பாட்டிலைக் கவிழ்த்து முடியில் தடவினாள். சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. வீம்பினால் இத்தனை நாள் மூத்தவள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இவ்வளவு இதமாக இருக்கும் என்று தெரிந்ததும் பொறாமை இன்னும் ஏறியது. அழுகையும் வந்தது.

"எப்படி இருக்குக்கா?"

ஊரே சொல்லிவிட்ட பதில். இவள் வாயிலிருந்து மட்டும்தான் வரவில்லை.

"கொழகொழன்னு இருக்கு" என்றாள் மூத்தவள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்றாள்.