யூரியா கேனும் மாமாவின் மீசையும்

என் அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மீசை மெக்கானிக், அவ்வளவுதான். முதலில் மீசை கதவுக்குள் நுழையும், அப்புறம்தான் அவர் வருவார். ஒர்க் ஷாப்பில் கண்ணாடி இல்லையென்று ஒரு பழைய வேனின் சைடு மிர்ரரைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருக்கிறார். இரண்டு கையும் கிரீஸில் குளித்திருந்தாலும், மீசையை முறுக்க ஒரு சுண்டுவிரலை மட்டும் சுத்தமாக வைத்திருப்பார்.

தொழிலில் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு இன்ன கோளாறு என்பார். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் வந்த வினைதான் எல்லாம். "என் கையில தப்பு வராது மச்சான்" என்பதை அவர் சொல்லாமல் நாங்கள் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

நான் ஓட்டுவது ஒரு கம்பெனியின் ஆட்களை ஏற்றி இறக்கும் மினி பஸ். இந்தக் காலத்து டீசல் வண்டிகளில், டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் இருக்கும். புகையின் நச்சைக் குறைக்க அதில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். பார்க்க அப்படியே தண்ணீர். அது தீர்ந்தாலோ கெட்டாலோ வண்டி முதலில் விளக்கைக் காட்டும், கேட்காவிட்டால் கோபித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். அந்தக் கரைசலில் ஒரு தூசி விழுந்தாலும் அதைப் பீய்ச்சும் நாஸில் அடைத்துக்கொள்ளும் என்று மாமாவுக்கு ஒரே பயம். திறந்த கேனை ஒர்க் ஷாப்பில் வைக்கவே மாட்டார். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனியில் வைப்பார். காலையில் பத்திரமாகத் திரும்ப எடுத்துப்போவார். காலியான கேன்களில் அக்கா பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வாள்.

மாமா தன் கையால் என் பஸ்ஸுக்கு யூரியா ஊற்றிய அதே வாரம் மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்புறம் வேகம் விழுந்தது. எவ்வளவு மிதித்தாலும் பஸ் நகர்வேனா என்றது. சைக்கிளில் போன ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். போனதோடு விட்டாரா, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு போனார். பின்சீட்டிலிருந்த கேஷியர் அம்மா, "தம்பி, நாங்க இறங்கித் தள்ளட்டுமா?" என்றார். எனக்கு மானமே போயிற்று.

மாமா பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "நாஸில் அடைப்பு" என்றார். கழற்றினால், முனையில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படிவம். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி மாட்டினார். விளக்கு அணைந்தது, மறுநாள் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்ப வந்தது. "அப்ப பம்ப் ஃபில்டர்" என்று அதையும் மாற்றினார். "சென்சார் பொய் சொல்லுது" என்று வேறொரு வண்டியின் சென்சாரைப் பிடுங்கி மாட்டினார். அதுவும் அதே பொய்யைச் சொன்னது. கோளாறு பார்க்கும் கருவியோ ஆரம்பத்திலிருந்தே ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: கரைசலின் தரம் சரியில்லை. "மெஷினுக்கு என்ன தெரியும்" என்று அதன் வாயை அடைத்துவைத்திருந்தார் மனிதர்.

கடைசியில் மனமே இல்லாமல் டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அளவுக் குழலில் விட்டார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து கம்பெனி முதலாளியும் வந்து நின்றார்.

"பாதிக்கு மேல தண்ணி" என்றார் மாமா. "மச்சான், என்ன பண்ணி வச்சிருக்கே?"

"நானா? அந்த மூடியை நான் தொட்டதே இல்ல மாமா! ஊத்தினது நீங்க!"

"என் கையில தப்பு வருமா? தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சா இந்த மீசையை எடுத்துடறேன். எல்லாரும் கேட்டுக்குங்க!"

டேங்கை வடித்துக் கழுவிப் புது கேனை உடைத்து ஊற்றியதும் பஸ் பறந்தது. ஆனால் முதலாளி விடவில்லை. "தண்ணி ஊத்தினது யாருன்னு திங்கட்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா சாவியை வச்சுட்டுப் போயிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிளீனராக இருந்து, பஸ் கழுவிக் கழுவிக் கை தேய்ந்து, அப்புறம் பிடித்த ஸ்டியரிங் அது. செய்யாத தப்புக்கு விட்டுவிட்டுப் போவதா?

நேராக அக்காவிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். மீசை என்றதும் கத்தி நின்றது.

"எல்லார் முன்னாடியுமா சொன்னாரு?"

"முதலாளி முன்னாடியே சொன்னாரு."

"ஓகோ. சரி, ஞாயித்துக்கிழமை காலையில வா. இங்கயே சாப்பிடலாம்."

பிழைப்பே போகப் போகிறது, இவளுக்கு விருந்து கேட்கிறது! இருந்தாலும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா டீ டம்ளரோடு பால்கனிக்கு வந்தார். எப்போதும் சமையலறையில் கவிழ்த்தே இருக்கும் செடித் தண்ணீர் மக், அன்று அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எடுத்து நகர்த்தப் போனவர் நின்றுவிட்டார். மக்கின் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார். தக்காளிச் செடியைப் பார்த்தார், இலை ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. மூலையில் நின்ற கேனைப் பார்த்தார். லுங்கியோடு படியிறங்கி ஓடி, ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து அளவுக் குழலை எடுத்துவந்து ஒரு சொட்டு விட்டார். செடித் தண்ணீர்க் கேனில் இருந்தது அசல் யூரியா. அப்படியென்றால் ஒர்க் ஷாப்புக்குப் பத்திரமாகப் போனது செடித் தண்ணீர்.

டீ ஆறிப்போனது. அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. வெயில் படாத மேலுதடு வெளுத்துக் கிடந்தது, மூக்கு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். "தப்பு என்னோடதுங்க. கேனை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். பையன் மேல ஒரு குத்தமும் இல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோ மச்சான்" என்றார். அவரை வாய்க்கு வந்தபடி திட்டத்தான் அத்தனை நாளும் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஆறிப்போன அவருடைய டீயைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டேன்.

சமையலறைக்குப் போனேன். அக்கா சுவரைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! உனக்கு எப்ப தெரியும்?"

"செடி கருகினப்பவே இது அவரோட கேன்னு தெரியும்டா. நீ வந்து தண்ணின்னு சொன்னதும் மீதியும் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருந்தா? என் வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"போக விட்டிருப்பேனா? திங்கட்கிழமை வரைக்கும்தான் டைம் இருந்துதே." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணமான நாள்லேருந்து மீசை குத்துது, எடுங்கன்னு கெஞ்சறேன். நான் சொல்லி என்னைக்குக் கேட்டாரு? அவரே சொன்னாத்தான் கேப்பாரு."

மக்கைக் கழுவி, அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.