அம்மாவுக்குச் சொன்ன படம்

சினிமா பார்த்து யாரும் மாறியதில்லை என்று சொல்பவர்களை நான் இப்போது சும்மா விடுவதில்லை. போன மாதம் ஒரு பழைய படத்தைத் தியேட்டரில் மறுபடி போட்டார்கள். "மூணு மணி நேரக் கூத்து, இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் என்னோடு வேலை பார்ப்பவர். அந்தக் கூத்து எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் பின்தெருவில் இருந்தோம். சினிமா அப்பாவுக்குப் பாவம். டீச்சரான அம்மாவுக்கு அதையெல்லாம் நினைக்கவே நேரமில்லை. அந்த வருஷம் அம்மாவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே பஸ் நினைத்தால்தான் வரும். அம்மா பிந்திப் போய்த் தினமும் பேச்சு வாங்கினாள். "வேலைய விட்டுருளா" என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். கோபமாக அல்ல, மாலை ஜெபத்திலேயே அதையும் சேர்த்துவிட்டார்.

அம்மாவின் தம்பியான மாமா, சாத்தான்குளத்திலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை எனக்குச் செருப்பு வாங்கப்போவதாகச் சொல்லி, டவுணுக்குக் கூட்டிப்போய் மேட்னி காட்டினார். மொபெட்டில் ஊர் ஊராகப் பால் விற்கும் ஒருத்தியின் கதை. அவள் முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பியபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் பறந்தது. திரும்பிப் பார்த்தேன். விசிலடித்தது ஒரு பெண். ஜெபத்துக்கு முன் வீடு சேர வேண்டுமே என்று, படம் முடிவதற்குள் மாமா என்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

செருப்பு வரவில்லை என்பதால் அம்மா எளிதாகக் கண்டுபிடித்துவிட்டாள். அடி விழும் என்று நின்றேன். மீன் கழுவிக்கொண்டே, "என்ன கதைட்டீ?" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கேட்காததுபோலவே கேட்பாள், நிறுத்தினால் "பொறவு?" என்பாள். புருஷன் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் இடத்தோடு நான் பார்த்தது தீர்ந்துபோனது.

"பொறவு அவ என்ன செஞ்சா?" அம்மாவின் கை நின்றிருந்தது.

"சாவியத் திரும்ப வாங்கிட்டு வண்டியில போயிட்டா" என்று அடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் அம்மா அப்பாவின் மொபெட்டை எடுத்தாள். அப்பாவின் ஆபீஸ் நடக்கிற தூரம்தான். வண்டி பெரும்பாலும் கௌரவத்துக்கு நின்றது. மைதானத்தில் மாமா பழக்கினார். முழங்கையில் தோல் உரிந்தது, விடவில்லை. அம்மா மட்டுமல்ல. நர்சுகள், கடையில் நிற்கும் அக்காமார் என்று ஊரே அந்த வருஷம் வண்டி பழகியது. முந்தானையை அப்படிச் செருகுவதற்கு அந்தப் படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. படத்தைப் பார்க்காத பெண்களும் இன்றுவரை அதைச் சொல்கிறார்கள்.

சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். "சபையில ஒரு மாதிரிப் பேசுதாங்க, டீச்சரம்மா."

"பேசட்டும் அண்ணாச்சி. பேசுதவங்க காலையில வந்து என்னையப் பள்ளிக்கூடத்துல கொண்டு விடுவாங்களா?"

"என்னட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார் அப்பா.

"கேட்டா குடுத்திருப்பியளா?"

அப்பா சுவரில் தொங்கிய பைபிள் வசனக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூப்பர் காப்பியை முடிக்காமலே எழுந்தார். திங்கட்கிழமை அம்மா மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிறகு அப்பாவின் ஜெபத்தில் வேலையை விடச் சொல்லும் அந்த வரி வரவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது டிவியில் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். புருஷன் சாவியைத் தரவே இல்லை. அவள் அவன் காலில் விழுகிறாள், வீடே போதும் என்று அடுப்படிக்குள் போகிறாள், சுபம். படம் எடுத்தவர்கள் சொல்ல வந்தது அதுதான். எங்கள் ஊர்ப் பெண்களோ தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"இப்படியாம்மா முடியுது?" என்றேன் திகைத்துப்போய்.

அம்மா விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்ட்டீ. நீ சொல்லுததுக்கு முந்தியே பள்ளிக்கூடத்துல டீச்சர்மாரு முழுக்கதையும் சொல்லிட்டாளுவ."

தெரிந்தேதான் "பொறவு அவ என்ன செஞ்சா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் என்னிடம் கதை கேட்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.